தலையீற்று முயல்: தாய் குட்டிகள் பக்கமே போகவில்லை, என்ன செய்வது?

மாடிவீடு (மதுரை) | ஏப்ரல் 3, காலை 8.40

வணக்கம். "இரண்டுமே பெண், கவலையே வேண்டாம்" என்று கடைக்காரர் சத்தியம் செய்து கொடுத்த முயல் ஜோடி, இன்று விடியற்காலையில் ஆறு குட்டி போட்டிருக்கிறது. அந்தச் சத்தியத்தின் மதிப்பு இப்போது கூண்டுக்குள் நெளிந்துகொண்டிருக்கிறது.

எங்களுக்கு இது முற்றிலும் புதிது. நேற்று மாலை அது வைக்கோலை வாயில் கவ்விக்கொண்டு அலைந்தது, மார்பு முடியைப் பிடுங்கியது. சொறி வந்துவிட்டதோ என்று நினைத்தோம். கம்பிவலைத் தரையில் ஒரு மூலையில் சாக்கு விரித்திருந்தோம். அதன்மேல் முடியைக் குவித்து அதற்குள் ஐந்து குட்டிகள். ஆறாவது தனியாகக் கம்பிமேல் கிடக்கிறது, அசைவு மிகவும் குறைவு. கூண்டு மொட்டை மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே.

தாய் எதிர் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டு குட்டிகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பால் கொடுத்ததாகவும் தெரியவில்லை. இங்க் ஃபில்லரில் பசும்பால் கொடுக்கலாமா? பக்கத்து வீட்டுப் பெரியம்மா, மனிதர் கை பட்டால் தாய் குட்டிகளைத் தின்றுவிடும் என்கிறார். அவசரம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கூண்டுக்காரன் (ஒட்டன்சத்திரம் பக்கம்) | ஏப்ரல் 3, காலை 8.52

அம்மா, மற்றதெல்லாம் பிறகு. கம்பிமேல் கிடக்கும் குட்டியை முதலில் கையில் எடுங்கள். தைரியமாகத் தொடலாம். கைக்குள் பொத்தி வைத்துச் சூடேற்றுங்கள். தாய் முயல் பூனையைப்போல் குட்டியைக் கவ்வி இடம் மாற்றாது. வெளியே விழுந்த குட்டியை அது திரும்ப உள்ளே கொண்டுவரப் போவதில்லை. நீங்கள்தான் வைக்க வேண்டும்.

இரண்டாவது, ஆண் முயல் அதே கூண்டில்தான் இருக்கிறதா? இந்த நிமிடமே பிரியுங்கள்.

பசும்பால் வேண்டவே வேண்டாம்.

---

நீலமலை (கோத்தகிரி) | ஏப்ரல் 3, காலை 9.05

எங்கள் ஊர்க் குளிரில் இது அடிக்கடி நடக்கும். சில்லிட்டு விறைத்துப்போன குட்டி செத்ததுபோலவே இருக்கும். சூடேற்றிப் பார்க்காமல் செத்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். குட்டியின் உடலைக் கழுத்துவரை வெதுவெதுப்பான நீரில் பிடியுங்கள். நம் உடம்புச் சூட்டைவிடச் சற்றே கூடுதல், அதற்குமேல் போகக் கூடாது. மூக்கில் நீர் ஏறக் கூடாது. நெளியத் தொடங்கியதும் வெளியே எடுத்து, துணியால் ஈரம் சுத்தமாகப் போகும்வரை துடைத்து, மற்றக் குட்டிகளுக்கு நடுவில் செருகிவிடுங்கள். ஈரத்தோடு வைத்தால் மறுபடி குளிர்ந்துவிடும்.

சூடேறாத குட்டிக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடல் குளிர்ந்திருக்கும்போது செரிமானம் நடக்காது, விழுங்கவும் தெரியாது.

---

சும்மா வந்தவன் (திருச்சி) | ஏப்ரல் 3, காலை 9.11

பெரியம்மா சொன்னது சரிதான் என்று நினைக்கிறேன். எங்கள் தெருவில் ஒருவர் வீட்டில் குட்டியைத் தொட்டார்கள், மறுநாள் இரண்டு குட்டிகளைக் காணோம். வாசனை மாறினால் தாய் ஒதுக்கிவிடும்.

---

கால்நடை மாணவி (நாமக்கல்) | ஏப்ரல் 3, காலை 9.40

நான் கால்நடை மருத்துவம் படிப்பவள், இன்னும் மருத்துவர் ஆகவில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

தாய் குட்டிகளிடம் போகாமல் இருப்பது இயல்பு. நாய், பூனைபோல முயல் குட்டிகளை அணைத்துப் படுக்காது. வீட்டு முயலின் மூதாதையான ஐரோப்பியக் காட்டுமுயல் மண்ணுக்குள் வளை தோண்டிக் குட்டி போடும் விலங்கு. தாய் வளைக்குள்ளேயே இருந்தால் அதன் வாசனையைப் பிடித்துக்கொண்டு நரி வந்துவிடும். அதனால் குட்டிகளை முடிக்குள் புதைத்துவிட்டு விலகிப் போய்விடும். ஒரு நாளைக்கு ஒருமுறை, அதிகம் போனால் இருமுறை, பெரும்பாலும் இரவிலோ விடியலுக்கு முன்போ வந்து, குட்டிகள்மேல் நின்றபடியே மூன்று நான்கு நிமிடம் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். நீங்கள் பார்க்கவில்லை என்பதற்காகப் பால் கொடுக்கவில்லை என்று பொருளில்லை.

ஒருவேளைப் பால் போதுமா என்றால், போதும். பசும்பாலில் கொழுப்பு சுமார் 4 சதவீதம்; முயல் பாலில் அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு, புரதமும் அப்படியே. கிடைக்கிற சில நிமிடங்களில் வயிறு புடைக்கக் குடித்துவிடும்.

தாயைக் காவல் காப்பதைவிடக் குட்டியின் வயிற்றைப் பாருங்கள். பால் குடித்த குட்டியின் வயிறு உருண்டு இறுகியிருக்கும். இந்த வயதில் தோல் மெல்லியது என்பதால் உள்ளே இருக்கும் பால் வெள்ளையாகத் தெரியும். குடிக்காத குட்டியின் வயிறு ஒட்டி, தோல் சுருங்கியிருக்கும். நாளைக் காலை பார்த்துச் சொல்லுங்கள். ஒரு நாள் பால் இல்லாமல் இருந்தாலும் நன்றாகப் பிறந்த குட்டி தாங்கும்.

மனித வாசனை பற்றி: வீட்டு முயலுக்கு உங்கள் வாசனை பழக்கமானது. கையைச் சோப்பு வாசனை இல்லாமல் கழுவி, தாயின் முதுகை ஒருமுறை தடவிவிட்டுப் பிறகு குட்டியைத் தொடுங்கள், போதும். தாய் குட்டியைத் தின்பதற்குக் காரணம் வேறு: தண்ணீர் இல்லாமை, சத்துக்குறைவு, நாய் அல்லது பூனையைக் கண்டு மிரளுவது. தலையீற்றில் நஞ்சுக்கொடியைத் தின்னும்போது தவறிக் குட்டியையும் கடிப்பது உண்டு. செத்துப் பிறந்ததைத் தின்று இடத்தைச் சுத்தமாக்குவதும் உண்டு. திருச்சி நண்பர் சொன்ன வீட்டில் இரண்டு குட்டிகள் காணாமல் போனதற்கு எலியும் காரணமாக இருக்கலாம்.

---

மாடிவீடு | ஏப்ரல் 3, காலை 11.15

குட்டி பிழைத்துவிட்டது! வெதுவெதுப்பான நீரில் பிடித்தபோது முதலில் ஒன்றுமே இல்லை, என் மகன் அழ ஆரம்பித்துவிட்டான். பிறகு வாயைத் திறந்தது, கால் உதறியது. துடைத்து உள்ளே வைத்துவிட்டேன். கோத்தகிரி நண்பருக்குப் பெரிய நன்றி.

ஆண் முயலை இப்போதுதான் பிரித்து, தக்காளிக் கூடையைக் கவிழ்த்து உள்ளே விட்டிருக்கிறோம். அது காலைமுதல் தாயைத் துரத்திக்கொண்டே இருந்தது. ஏன் பிரிக்க வேண்டும், குட்டிகளைக் கடிக்குமா?

---

கூண்டுக்காரன் | ஏப்ரல் 3, பகல் 12.30

கடிப்பது அபூர்வம். துரத்தும்போது மிதித்து நசுக்கும், அது ஒன்று. பெரிய காரணம் வேறு: குட்டி போட்ட அன்றே பெண் முயல் மறுபடி சினை பிடிக்கும். மாட்டுக்குப் போலப் பருவத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இணை சேர்ந்தால்தான் முயலுக்குக் கருமுட்டையே வெளிப்படும். காலைமுதல் துரத்தியது என்கிறீர்கள். தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். சினைக்காலம் 31 நாள், ஒன்றிரண்டு முன்பின் ஆகலாம். மே 4 வாக்கில் அடுத்த ஈற்று வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

இப்போது பெட்டி. சாக்குமேல் குட்டி நிற்காது, நாளைக்கும் ஒன்று கம்பிக்கு வரும். பால் கொடுத்து முடித்துத் தாய் குதிக்கும்போது காம்பை விடாத குட்டி கூடவே இழுபட்டு வெளியே விழும். அதற்குத்தான் முன்பக்கத்தில் ஒரு சாண் தடுப்பு வைப்பது. மரப்பெட்டி ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். பழக்கடையில் மரப்பெட்டி கேட்டாலே கொடுப்பார்கள். ஆணி எதுவும் துருத்தவில்லையா என்று கையால் தடவிப் பாருங்கள். அடியில் நான்கு சிறிய துளை, சிறுநீர் வடிய. மரத்தூள் கொஞ்சம், அதன்மேல் காய்ந்த வைக்கோல், அதில் கையால் ஒரு குழி. குட்டிகளையும் தாய் பிடுங்கிய முடி முழுவதையும் அதில் வையுங்கள். சாக்கு எந்த மூலையில் இருந்ததோ அதே மூலையில் பெட்டி இருக்கட்டும். இடம் மாற்றினால் தாய் பழைய மூலையைத்தான் தேடும்.

---

வெள்ளைச்செவி (சென்னை) | ஏப்ரல் 3, பகல் 1.05

வாழ்த்துகள் மாடிவீடு! படுக்கைக்குப் பஞ்சு, நூல் துணி, தேங்காய் நார் எதுவும் வைக்காதீர்கள். நீள இழைகள் குட்டியின் காலிலும் கழுத்திலும் சுற்றிக்கொள்ளும். கால் வீங்கிப் போனபிறகுதான் நமக்கே தெரியும்.

இன்னொன்று, ஆண் முயலுக்குக் கருத்தடை செய்துவிடுங்கள். இரண்டும் நண்பர்களாகப் பழகியவை. காலமெல்லாம் பிரித்து வைப்பது பாவம்.

---

கூண்டுக்காரன் | ஏப்ரல் 3, பகல் 1.20

தேங்காய் நாரை நான் வருடக்கணக்காகப் போடுகிறேன். நன்றாக அடித்து உதறிக் குட்டையாக வெட்டிப் போட்டால் ஒன்றும் ஆகாது. முயலுக்குக் கருத்தடை என்பதைக் கேட்டு எங்கள் ஊரில் சிரிப்பார்கள், போகட்டும்.

---

வெள்ளைச்செவி | ஏப்ரல் 3, பகல் 1.32

கறிக்கு வளர்ப்பவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள்.

---

மாடிவீடு | ஏப்ரல் 3, பகல் 2.10

இருவரும் என் இழையில் சண்டை போடாதீர்கள். நாங்கள் முயல் கறி சாப்பிடுவதில்லை, சாப்பிடுகிறவர்கள்மேல் வருத்தமும் இல்லை. காலையில் அந்தக் குட்டியைக் கையில் எடுக்கச் சொன்னவர் கூண்டுக்காரர்தான். பெட்டி கிடைத்துவிட்டது, வைக்கோல் போட்டாயிற்று.

---

கால்நடை மாணவி | ஏப்ரல் 3, பகல் 2.45

கருத்தடை செய்ய முடியும். முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய மருத்துவராகப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: ஆண் முயலுக்குச் செய்த பிறகும் சில வாரங்களுக்கு உயிரணு மிச்சமிருக்கும். ஆறு வாரம் பிரித்தே வையுங்கள்.

மாடிவீடு, கூண்டை மாடியிலிருந்து கீழே இறக்க முடியுமா? ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே ஏப்ரல் நண்பகல் என்பது தாய்க்கே ஆபத்து. முயலுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் வெப்பத்தை வெளியேற்றும்.

---

பனங்கூடல் (யாழ்ப்பாணம்) | ஏப்ரல் 3, இரவு 8.15

எங்கள் ஊர் வெயிலும் மதுரைக்குக் குறைந்ததல்ல. ஆனால் எனக்குக் குட்டிகள் இறந்தது வெயிலால் அல்ல, எறும்பால். பால் மணத்துக்கு நெருப்பெறும்பு வரிசையாக ஏறிவிடும். கண் திறக்காத குட்டியால் விலக முடியாது. கூண்டின் நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய பேணிகளுக்குள் நிறுத்துங்கள். தண்ணீரில் சில துளி சவர்க்காரக் கரைசல் விட்டால் எறும்பு மிதந்து கடக்காது, அமிழ்ந்துபோகும். கூண்டு சுவரில் முட்டிக்கொண்டிருந்தால் இவ்வளவும் வீண்.

எலிக்கும் பாம்புக்கும் வலையின் கண் அகலம் முக்கியம். பெருவிரல் நுழையும் கண் இருந்தால் எலிக்குஞ்சு நுழையும்.

தாய்க்கு நான் இப்பில்-இப்பில் இலை நிறையப் போடுகிறேன், பால் நன்றாக ஊறுகிறது.

---

கால்நடை மாணவி | ஏப்ரல் 3, இரவு 9.00

பனங்கூடல் ஐயா, எறும்புக் குறிப்புக்கு நன்றி. பாடப் புத்தகத்தில் இவ்வளவு விளக்கமாக இல்லை. இப்பில்-இப்பில் என்பது நாங்கள் சூபாபுல், சவுண்டல் என்று சொல்வது. அதில் மிமோசின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. அதிகமானால் முடி கொட்டும். மற்றப் பசுந்தீவனத்தோடு கலந்து சிறிதளவு போடலாம். வேலிமசால், குதிரைமசால், அகத்தி, கல்யாண முருங்கை, பெயரிலேயே முயலைச் சுமக்கும் முயல்மசால் எல்லாம் நல்லவை. திடீரென்று மாற்றாமல் மெல்ல மெல்லக் கூட்டுங்கள்.

தண்ணீர்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். பாலூட்டும் முயல் வெயில் காலத்தில் ஒரு லிட்டருக்கு மேலும் குடிக்கும். இரவில் கிண்ணம் காலியாகக் கிடக்கக் கூடாது.

---

மாடிவீடு | ஏப்ரல் 4, காலை 6.30

ஐந்து குட்டிகளுக்கு வயிறு வெள்ளையாகத் தெரிகிறது! தாய் எப்போது வந்தது என்று யாருமே பார்க்கவில்லை. ஆறாவது, நேற்று விறைத்துக் கிடந்ததுதான், வயிறு ஒட்டியிருக்கிறது.

கூண்டைக் கீழே வடக்குத் திண்ணைக்குக் கொண்டுவந்துவிட்டோம். பெட்டிக்குள் கைவைத்தால் தாய் உறுமிக்கொண்டு பாய்கிறது. பெட்டிமேல் கம்பளித் துணி போர்த்தலாமா?

---

கூண்டுக்காரன் | ஏப்ரல் 4, காலை 7.00

மதுரையில் கம்பளியா! வேண்டாம் அம்மா. கூட்டுக்குள் 30 டிகிரிக்குச் சற்று மேல் இருந்தால் குட்டிக்குப் போதும். உங்கள் ஊரில் அது தானாகவே வந்துவிடும். குட்டிகளே சொல்லும். நெருக்கியடித்துக் குவிந்து கிடந்தால் குளிர்கிறது. ஒன்றையொன்று தொடாமல் விலகி, சிவந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் வேகிறது. பகலில் மேல்முடியைப் பாதி எடுத்து ஒரு பையில் போட்டு வையுங்கள், இரவில் திரும்பப் போடுங்கள். திண்ணையில் ஈரச் சாக்கைக் காற்று வரும் பக்கம் தொங்கவிடலாம். கூண்டுமேலேயே போட்டு மூடாதீர்கள், புழுங்கும்.

பாய்வது நல்ல தாய் என்பதற்கு அடையாளம். ஒரு கைப்பிடி அகத்திக்கீரையைக் காட்டிவிட்டு, அது தின்னும்போது பெட்டியையே வெளியே எடுத்துப் பாருங்கள்.

சோனிக் குட்டிக்கு: நாளை விடியற்காலையில் பெட்டியை வெளியே எடுத்துவிட்டுத் தாயை மடியில் அடக்கிப் பிடித்து, அந்த ஒன்றை மட்டும் முதலில் காம்பில் விடுங்கள். குடித்த பிறகு மற்றவை. என் பண்ணை என்றால் அன்றைக்கே குட்டி போட்ட வேறு தாயிடம் சேர்த்திருப்பேன். இரண்டு மூன்று நாள் வயது வித்தியாசம்வரை பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். உங்களிடம் ஒரே தாய்.

---

நீலமலை | ஏப்ரல் 4, காலை 7.25

குட்டிகள் காம்பைக் கண்டுபிடிப்பதே ஒரு வித்தை. கண்ணும் இல்லை, காதும் கேட்காது. தாயின் பாலிலிருந்து வரும் ஒரு வாசனைப் பொருள்தான் வழிகாட்டுகிறது என்பதை 2003இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அந்த வாசனை மூக்கில் பட்டதும் தலையை இடம்வலமாக ஆட்டித் தேடும். தாயின் வயிற்றை வாசனைச் சோப்பால் துடைத்துச் "சுத்தம்" செய்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள்.

---

மாடிவீடு | ஏப்ரல் 8, மாலை 5.10

சின்னது இன்று போய்விட்டது. மடியில் வைத்து ஊட்டியபோது குடித்தது, ஆனால் எடை ஏறவில்லை. மற்ற ஐந்தும் நன்றாக இருக்கின்றன. உடம்பெல்லாம் மெல்லிய முடி வந்துவிட்டது; இரண்டு சாம்பல், மூன்று வெள்ளை.

---

வெள்ளைச்செவி | ஏப்ரல் 8, மாலை 5.40

வருத்தமாக இருக்கிறது. பையனுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

---

கூண்டுக்காரன் | ஏப்ரல் 8, மாலை 6.05

தலையீற்றில் ஆறில் ஐந்து என்பது மிக நல்ல கணக்கு அம்மா. வைக்கோலை மாற்றுங்கள், ஈரம் தேங்கியிருக்கும். முடியை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துத் திரும்பப் போடுங்கள்.

---

மாடிவீடு | ஏப்ரல் 15, காலை 7.50

நான்கு குட்டிகளுக்குக் கண் திறந்துவிட்டது. ஒரு வெள்ளைக் குட்டிக்கு வலது கண் திறக்கவில்லை, இமையில் காய்ந்த பொருக்கு இருக்கிறது. கொஞ்சம் வீக்கம். விரலால் பிரிக்கலாமா?

---

கால்நடை மாணவி | ஏப்ரல் 15, காலை 8.30

பிரிக்காதீர்கள். 10 முதல் 12 நாளுக்குள் கண் திறக்க வேண்டும். திறக்காமல் வீங்கினால் உள்ளே சீழ் கட்டியிருக்கலாம், விட்டால் பார்வையே போகும். கொதித்து ஆறிய நீரில் சிட்டிகை உப்பு போட்டு, சுத்தமான துணியை நனைத்து, வெதுவெதுப்பாக இமைமேல் சில நிமிடம் வையுங்கள். பொருக்கு ஊறியதும் மெல்லத் துடைத்தால் இமை தானாகப் பிரியும். மஞ்சள் சீழ் வந்தால் இன்றே மருத்துவரிடம் போங்கள். வீட்டில் கிடக்கும் மனிதர்க்கான சொட்டுமருந்தை ஊற்றாதீர்கள், சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும்.

அப்படியே தாயையும் கொண்டுபோங்கள். காம்புகள் சூடாக, கெட்டியாக, சிவந்திருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். மடிநோய் வந்தால் எல்லாக் குட்டிகளும் பட்டினி. மருந்து எழுதினால் அமாக்சிசிலின், பென்சிலின் வகையை வாய்வழி கொடுக்கக் கூடாது என்பதை நினைவூட்டுங்கள். நாய்க்கும் மாட்டுக்கும் சாதாரண மருந்து அது. முயலின் குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்களை அழித்து உயிரையே எடுத்துவிடும்.

---

மாடிவீடு | ஏப்ரல் 17, இரவு 7.20

கண் திறந்துவிட்டது, சீழ் இல்லை. இன்று மருத்துவரிடம் போனோம். மடி நன்றாக இருக்கிறது. வயிற்றை விரல்களால் மெல்லத் தடவிப் பார்த்தவர் சிரித்துவிட்டார். கோலிக்குண்டு அளவில் வரிசையாகத் தட்டுப்படுகிறதாம். கூண்டுக்காரர் சொன்ன தேதிதான். மே 4 அன்றே அக்னி நட்சத்திரமும் தொடங்குகிறது.

---

கூண்டுக்காரன் | ஏப்ரல் 17, இரவு 7.45

சொன்னேனே!

இந்தக் குட்டிகள் மூன்று வாரத்தில் பெட்டியை விட்டு வெளியே வந்து தாயின் தட்டில் வாய் வைக்கும். ஏப்ரல் கடைசியில் பால் மறக்கச் செய்துவிடுங்கள். மே 1 அன்று சுத்தமான பெட்டி உள்ளே போக வேண்டும். பழைய குட்டிகள் இருந்தால் புதிய குட்டிகள்மேல் ஏறி மிதிக்கும்.

---

வெள்ளைச்செவி | ஏப்ரல் 17, இரவு 8.10

நான்கு வாரத்தில் பால் மறக்கச் செய்வது மிகவும் சீக்கிரம். எட்டு வாரம்வரை தாயோடு இருக்க வேண்டும்.

---

கால்நடை மாணவி | ஏப்ரல் 17, இரவு 8.50

சாதாரணமாக ஆறிலிருந்து எட்டு வாரம் நல்லது, வெள்ளைச்செவி சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வயிற்றில் ஒரு ஈற்று இருக்கும்போது தாயின் உடம்பு இரண்டையும் தாங்காது, அதுவும் கத்திரி வெயிலில். இந்தமுறை நான்கு வாரம்தான். குட்டிகளை அதே கூண்டில் விட்டுவிட்டுத் தாயை வேறு கூண்டுக்கு மாற்றுங்கள். பழகிய இடம் என்பதால் குட்டிகளுக்கு அதிர்ச்சி குறையும். தீவனத்தை மாற்றாதீர்கள், கீரையைக் குறைத்துக் காய்ந்த புல்லைக் கூட்டுங்கள். பால் மறந்த சில வாரங்களில்தான் காக்சிடியோசிஸ் என்ற கழிச்சல் நோய் வரும். புழுக்கை இளகினாலோ வயிறு உப்பினாலோ மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம். தரையில் புழுக்கை தேங்காமல் தினமும் கூட்டுங்கள்.

---

மாடிவீடு | ஏப்ரல் 18, காலை 9.15

தச்சரிடம் இரண்டாவது கூண்டுக்குச் சொல்லிவிட்டேன். என் மகனின் வகுப்புத் தோழன் வீட்டில் இரண்டு குட்டி கேட்கிறார்கள், இந்த ஞாயிறே வேண்டுமாம். "அதே கடையில் இதே அளவில்தான் விற்கிறார்கள்" என்கிறார்கள்.

---

வெள்ளைச்செவி | ஏப்ரல் 18, காலை 9.22

கொடுக்காதீர்கள். இன்னும் பால் குடிக்கும் குட்டிகள் அவை.

---

கூண்டுக்காரன் | ஏப்ரல் 18, காலை 9.30

இதில் சென்னைக்காரர் கட்சிதான் நானும். தாயைப் பிரித்த பிறகும் இரண்டு வாரம் உங்கள் கண்முன் தின்று, புழுக்கை போட்டு, எடை ஏறட்டும். மே நடுவில் வரச் சொல்லுங்கள். கொடுக்கும்போது ஆணா பெண்ணா என்று மருத்துவரிடம் பார்த்துக் கொடுங்கள். கடைக்காரர் சத்தியம் மாதிரி ஆகிவிடக் கூடாது.

---

மாடிவீடு | ஏப்ரல் 18, காலை 9.41

சரி, மே நடுவில் என்று சொல்லிவிடுகிறேன். கூண்டுக்காரரே, புதிய கூண்டுக்குத் தச்சர் அளவு கேட்கிறார். ஒரு தாய்க்கும் பெட்டிக்கும் சேர்த்து எவ்வளவு வேண்டும்?

---

கூண்டுக்காரன் | ஏப்ரல் 18, காலை 9.50

மூன்றடி நீளம், இரண்டரை அடி ஆழம், இரண்டடி உயரம். கால்கள் இரண்டரை அடி. கதவு பெட்டி நுழையும் அகலத்தில் இருக்கட்டும். அதைத்தான் எல்லாத் தச்சரும் மறப்பார்கள்.